சோப்புத்தூள் விசாரிக்க வந்தவர்

நாற்பத்தாறு வயதில் ஒருவன் காலேஜுக்குப் போனால் ஊர் என்ன செய்யும்? சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் என் வீட்டுக்காரி ஆனந்தவல்லியும் சேர்ந்து சிரித்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "டிபன் டப்பா மூடிய நல்லா அமுத்திக்கிட்டுப் போங்க. யூகேஜி பிள்ளை மாதிரி புஸ்தகத்துல சாம்பாரக் கொட்டிட்டு வந்துராதீக" என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இராஜபாளையம் பஸ்ஸுக்கு நடப்பேன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து அதட்டியே பழகியவன் வீட்டு வாசலில் வாயை மூடிக்கொண்டு போனது அந்த இரண்டு வருடம்தான்.

ஏன் படிக்கப் போனேன் என்று கேட்பீர்கள். ரிட்டயர் ஆகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்ததும் வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் ஒரே பதில். "மிலிட்டரியா? நல்லதாப் போச்சு. வாட்ச்மேனா வந்துருங்க." எல்லையில் நின்றவன் இனிமேல் எவன் வீட்டு கேட்டையோ திறந்து மூட வேண்டுமா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனிக்காரர் மட்டும், "விக்கிறதுக்கு ஆள் வேணும். ஆனா அதுக்குப் படிச்சிருக்கணுமே" என்றார். படித்தால் போயிற்று என்று அதே ஊரில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். மார்க்கெட்டிங் மேனேஜ்மெண்டில் அசோசியேட் டிகிரி என்று, முழு டிகிரிக்கு ஒரு படி கீழே ஒரு படிப்பு. இரண்டு வருடம்.

எங்கள் வகுப்புக்கு பியூலா மேடம். என் தங்கச்சி மகள் வயதுதான் இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் எங்கள் சுபேதார் மேஜர் தோற்றுப்போவார். வகுப்பில் ஒருநாள் என்னை எழுப்பிவிட்டு, பக்கத்துப் பையனிடம் ஒரு பேனாவை விற்கச் சொன்னார்கள். விற்றேன். "ஹரி சார், நீங்க விக்கல. பேனாவ வாங்குலேன்னு ஆர்டர் போட்டீங்க" என்றார்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வாங்கின பையனும் சிரித்தான். பயந்துபோய் வாங்கியிருக்கிறான் பயல்.

அந்த மேடம் நடத்தியதில் எனக்கு இரண்டு விஷயம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒன்று, ஊர் வாய். ஒரு பொருளைப் பற்றி அக்கம்பக்கத்தார் வாயால் சொல்வதற்கு ஈடாக எந்த விளம்பரமும் கிடையாது என்பார்கள். வெட்டிப்பேச்சுக்குப் பாடப் புத்தகத்தில் இடமா என்று எனக்கு எரிச்சலாக வரும். இரண்டாவது, பைலட் ஸ்டடி. கடைசி செமஸ்டரில் ஆளுக்கு ஒரு ஊரில் வீடு வீடாகப் போய் சர்வே எடுக்க வேண்டும். எனக்கு மம்சாபுரம். மக்கள் என்ன சோப்புத்தூள் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். "எடுத்ததுமே ஊருக்குள்ள போயிறாதீங்க சார். முதல்ல தெரிஞ்ச ரெண்டு மூணு பேருகிட்ட கேட்டுப் பாருங்க. எங்க தட்டுதுன்னு தெரியும். திருத்திக்கிட்டு பொறவு போங்க. அதுதான் பைலட் ஸ்டடி" என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

சோப்புத்தூளைப் பற்றிக் கேட்பதற்கு ஒத்திகையா? போங்கம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நேராக மம்சாபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

காலை நேரம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் வீடுகளோடு ஒரு ஒடுக்கமான சின்னத் தெரு. முதல் வீட்டில் ஒரு பெண்மணி வாளியோடு நின்றுகொண்டிருந்தார். நான் போட்டிருந்த ஷூவைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். கையில் இருந்த ஃபைலைப் பார்த்தார்.

"உங்க வீட்ல துணி துவைக்க என்ன சோப்புத்தூள் வாங்குறீங்க?" என்றேன். அதட்டலாகத்தான் வந்தது.

அவர் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து முந்தானையால் துடைத்துப் போட்டார். "உக்காருங்க சார். நம்ம வெங்கடேஸ்வரி என்ன வாங்குதோ அதேதான் நாங்களும். நீல பாக்கெட்டு."

"யாரு வெங்கடேஸ்வரி?"

"கடைசி வீடு சார். அந்தப் பிள்ளை துவைச்சுக் காயப்போட்டா வெள்ளைத் துணியப் பாக்க முடியாது, கண்ணு கூசும்."

"பாக்கெட் எத்தனை நாளைக்கு வரும்?"

"அது சிக்கனமான பிள்ளை சார். எம்புட்டு நாளைக்கும் வரும்."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? குழம்பிக்கொண்டே எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒருவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். "அந்த வீட்ல என்ன சொன்னாக?" என்று என் கேள்விக்கு முன்னால் அவர் கேட்டார். சாக்கடைத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். நீல பாக்கெட் என்றேன். "அவிய வாயில இருந்து வந்ததுல இது ஒண்ணுதான் நெசம்" என்று சொல்லிவிட்டு அவரும் வெங்கடேஸ்வரியைப் பற்றி ஆரம்பித்தார்.

மூன்றாவது வீட்டில் குருவம்மாள் அக்கா பூக்கட்டிக்கொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டில் பூ வாங்கி வந்து கட்டி விற்கிறவர். நான் கேட்க வாயெடுக்கும் முன்பே, "மாப்பிள்ளைக்கு லீவு எப்ப தம்பி?" என்றார்.

"எந்த மாப்பிள்ளைக்கு?"

"ஆலங்குளத்து மாப்பிள்ளை. அவுகளும் மிலிட்டரிதானே."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பெண்ணை விசாரிப்பது என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நேரில் வர மாட்டார்கள். அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத ஆள் ஒருவரை அனுப்புவார்கள். வாடகைக்கு வீடு இருக்கிறதா, காணாமல் போன ஆடு இந்தப் பக்கம் வந்ததா என்று அவர் எதையாவது கேட்டுக்கொண்டு நுழைவார். பேச்சு வாக்கில் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குத் தெரு என்ன பதில் சொல்கிறதோ அதில்தான் கல்யாணம் இருக்கிறது. இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்கள். பட்டாளத்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வரும் என்று அந்தத் தெரு காத்துக்கொண்டிருந்த நேரத்தில், பட்டாளத்து மீசையோடு ஃபைலைத் தூக்கிக்கொண்டு சோப்புத்தூள் கேட்டுப் போய் நிற்கிறேன் நான். அவர்களைச் சொல்லிக் குற்றம் இல்லை.

"அக்கா, நான் அந்த ஆள் இல்லை. காலேஜ்ல படிக்கேன். இது பரீட்சைக்கு" என்றேன்.

"காலேஜா!" என்று பூவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த வயசுலயா? எந்த ஊரு, எந்தத் தெரு?"

சொன்னேன். "செத்த நேரம் இருங்க, தண்ணி கொண்டாரேன்" என்று உள்ளே போனவர் நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். வந்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு. தண்ணீர் குடித்தேன். பிறகு அவரும் பெண்ணைப் பற்றியே பேசினார். "கட பூராம் இந்த ஸ்கேன் பண்ணுற அட்டைய வச்சிருக்காகளே, எனக்கு வாங்கிக் கொடுத்து, அழுத்துறது எப்படின்னு சொல்லிக்கொடுத்தது அந்தப் பிள்ளைதான் தம்பி. யாவாரத்துல எவனும் என்னை இப்ப ஏமாத்த முடியாது."

நான் மறுபடியும், அக்கா நான் அந்த ஆள் இல்லை என்றேன். "சரி தம்பி, நீங்க இல்லை. நானும் உங்களச் சொல்லலையே" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அதே கதை. நான் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லை என்பேன். அவர்கள் ஆமாம் ஆமாம் என்பார்கள். நீல பாக்கெட் என்பார்கள். பிறகு வெங்கடேஸ்வரி.

முதலில் கோபம்தான் வந்தது. என் சர்வே நாசமாய்ப் போகிறதே! ஆனால் நடக்க நடக்க, ஆத்தாடி, என்ன தெரு அது என்று எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் வேலித் தகராறு. இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை. கோயில் வரி விஷயத்தில் பாதித் தெரு ஒரு பக்கம், பாதித் தெரு ஒரு பக்கம். ஆனால் வெங்கடேஸ்வரி என்ற பெயரைச் சொன்னதும் அத்தனை பேரும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். சொன்னதையே திருப்பிச் சொல்லவும் இல்லை. ஒருவர், தன் பேரனை ஸ்கூலில் சேர்க்க அவள் நாள் பூராவும் அலைந்ததைச் சொன்னார். இன்னொருவர், பங்குனிப் பொங்கலில் பெண்கள் எல்லாம் சண்டை போட்டுக்கொண்டு பானையைத் தூக்கிக் கிளம்பியபோது, இந்தப் பிள்ளை நடுவில் நின்று சிரித்த சிரிப்பில் எல்லாரும் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார்கள் என்றார். நாலு ஜவானை ஒன்றுபோலக் கால் தூக்கி வைக்கப் பழக்க நான் எவ்வளவு தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியிருப்பேன்! இங்கே கத்த ஆள் இல்லை, விசில் இல்லை, ஒரு தெருவே அடி பிசகாமல் நடக்கிறது. பியூலா மேடம் ஊர் வாய் என்று சொன்னது இதுதானா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனாலும் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. அது என்னவென்று கடைசி வீட்டில் தெரிந்தது.

கடைசி வீட்டில் கதவு ஒருக்களித்திருந்தது. நான் கூப்பிடும் முன்னே வெங்கடேஸ்வரி வெளியே வந்தாள். மாநிறம், ஒல்லி, தூக்கம் பற்றாத கண்கள். இருபத்தெட்டு வயது இருக்கலாம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள், அப்பா இல்லை என்று தெருவே ஏற்கெனவே சொல்லியிருந்தது.

"நீங்க நெசமாவே சோப்புத்தூள்தான் கேக்க வந்தீங்கன்னு எனக்குத் தெரியும் சார். ஃபைல்ல காலேஜ் பேரு போட்டிருக்கு" என்றாள். "ஒரு உதவி. தெருவுல போயி திரும்பவும் நான் அந்த ஆள் இல்லைன்னு சத்தியம் பண்ணிக்கிட்டு நிக்காதீங்க."

"ஏன் தாயி? பொய்தானே அது?"

"காலைல இருந்து கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். இவங்க வாயில இருந்து என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்ல சார். இன்னைக்கு ஒரு நாளு கேட்டுக்கிறேனே." சொல்லும்போதே குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள்.

பிறகுதான் விஷயம் வந்தது. அவள் இராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறாள். பகல் ஷிப்ட், நடு ராத்திரியில் முடிகிற அரை நைட், விடிய விடிய முழு நைட் என்று முறை மாறி மாறி வரும். இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்தது. இரண்டு தடவையும் யாரோ வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு தடவையும் அதோடு பேச்சு நின்றுபோனது. தெருவில் யாரோ, ராத்திரியில் வேலைக்குப் போகிற பெண், எப்போது போகிறாள் எப்போது வருகிறாள் என்று யார் கண்டது என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று தெரியாது. அவளுக்கு ஒவ்வொரு வாசலையும் கடக்கும்போது, இந்த வீடாக இருக்குமோ என்று தோன்றும்.

"மில் வேன்கூட தெருவுக்குள்ள வராது சார். வரக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. மெயின் ரோட்டுல ஊர் பிரியுற விலக்குல போயி நின்னு ஏறுவேன். ராத்திரி அங்கயே எறக்கிவிட்ருவாங்க. இருட்டுக்குள்ள நடந்து வருவேன். மாப்பிள்ளை வந்தா வாரான், வராட்டி போறான். அது இல்லை எனக்கு. இந்தத் தெரு என்னைப் பத்தி என்ன நினைக்குது? அது எனக்குத் தெரியணும்."

"சரி தாயி, சொல்லலை" என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று, "உங்க வீட்ல நீல பாக்கெட்தானே?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சிரித்தாள். "கட்டிச் சோப்பு சார். பவுடரே வாங்குறதில்லை."

தெரு முனையில் டீக்கடை. பெஞ்சில் மொக்கைச்சாமி உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியவர், தெருவில் அவர் சொன்னால் எடுபடும் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு டீ சொல்லிவிட்டு, "என்ன சார், எல்லாரும் ஒழுங்காச் சொன்னாகளா? எப்படி எங்க பிள்ளை?" என்றார்.

வெங்கடேஸ்வரிக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது சும்மா இருந்த சரித்திரம் கிடையாது. "எல்லாரும் நல்லாத்தான் சொன்னாக அண்ணாச்சி. ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தப் பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு இத்தன வீட்ல ஒருத்தர்கூட வாயத் திறக்கலையே, ஏன்? ஒண்ண மட்டும் எல்லாரும் சேந்து மறைச்சா, வாரவனுக்கு அந்த ஒண்ணு மேலதானே சந்தேகம் வரும்? சொன்ன அம்புட்டும் பொய்யின்னுல்ல நினைச்சுக்கிட்டுப் போவான்?"

மொக்கைச்சாமி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். முகம் கறுத்துச் சுருங்கிவிட்டது. தேவையில்லாமல் வாயைக் கொடுத்துவிட்டோமே என்று நான் பஸ்ஸைப் பார்த்து நடையைக் கட்டினேன்.

பியூலா மேடம் என் ஃபைலைப் புரட்டினார்கள். புரட்டப் புரட்டக் கண்ணாடிக்குள் கண் பெரிசாகிக்கொண்டே வந்தது.

"ஹரி சார், இது என்ன? ஒரு தெரு பூராவும் ஒரே பவுடரா? உலகத்துல எந்தக் கம்பெனிக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. பைலட் ஸ்டடி பண்ணீங்களா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பண்ணலைல்ல? திரும்பப் போயிட்டு வாங்க. இத நான் வாங்க மாட்டேன்."

ஆனந்தவல்லியிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லாமல் இருந்தேன். அவளோ நான் சொல்லாமலே சிரித்துக்கொண்டு திரிந்தாள். "என்னங்க, மம்சாபுரத்துல பொண்ணு விசாரிச்சு முடிச்சாச்சா?" என்றாள். இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டால் டிபன் டப்பாவைக் கழுவப் போய்விடுவாள். மாதக் கடைசியில் ஒருநாள், மதியச் சாப்பாடு முடிந்து, மறுபடி மம்சாபுரம் பஸ் ஏறினேன். இந்தத் தடவை எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொல்லி, நம்ப வைத்து, சோப்புத்தூளை எழுதிக்கொண்டு திரும்புவது என்று முடிவு.

தெருவில் நுழைந்ததும் குருவம்மாள் அக்கா என்னைப் பார்த்துக் கையைத் தட்டிச் சிரித்தார். "வாங்க வாங்க, ஆனந்தவல்லி வீட்டுக்காரரே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என் வீட்டுக்காரி பேரு உங்களுக்கு எப்படி..."

"உங்க தெருவுலதான் தம்பி எங்க சித்தி மக இருக்கா. அன்னைக்கு உங்களுக்குத் தண்ணி எடுக்கப் போனப்பவே அவளுக்குப் போனைப் போட்டுட்டேன். இப்படி இப்படி மீசை, மிலிட்டரி நடை, காலேஜுன்னு சொல்லுதாருன்னேன். அது ஆனந்தவல்லி வீட்டுக்காரரு, இந்த வயசுல படிக்கப் போறாருன்னு அவ சிரிச்சா பாருங்க..."

"அப்ப அன்னைக்கே தெரியுமா?"

"மொத ரெண்டு வீட்டுக்காரகதான் ஏமாந்தாக. மத்த வீட்டுக்கு எல்லாம் உங்களுக்கு முன்னாடி சேதி போயிருச்சு தம்பி. இவரு மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லை, ஆனாலும் விடாதீக, சொல்லுங்கன்னு நான்தான் சொல்லிவிட்டேன்."

"எதுக்குக்கா?"

குருவம்மாள் அக்காவின் சிரிப்பு அடங்கியது. "ரெண்டு தடவை கெடுத்துட்டோமே தம்பி. யாரு கெடுத்தான்னு எங்களுக்கே தெரியாது. அவன் சொல்லிருப்பான், இவ சொல்லிருப்பான்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியல. மூணாவது தடவையும் யாராச்சும் வாயத் தவற விட்டுட்டா அந்தப் பிள்ளை கதி? நாங்க என்ன மேடை ஏறிப் பேசுனவங்களா? அதான் உங்களை வச்சு சொல்லிப் பழகிக்கிட்டோம். எங்க தடுமாறுதோ சரிபண்ணிக்கலாம்ல?"

அடேயப்பா! நான் அக்கா வீட்டுத் திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேவையில்லை என்று நான் தூக்கிப் போட்ட பைலட் ஸ்டடியை, பேர்கூடத் தெரியாமல், இந்தத் தெரு என்னை வைத்தே நடத்தி முடித்திருக்கிறது. நான் சர்வே எடுக்கப் போனேன் என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். சர்வே எடுத்தது அவர்கள். எடுக்கப்பட்டவன் நான். எனக்கு வெட்கமாக இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், கோயில் கோபுரத்தைக் கிட்டத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

"பொறவு நெச ஆளு வந்தாகளா?" என்று கேட்டேன்.

"வராம? போன வாரம் ஒரு அம்மா. வீடு வாடகைக்கு இருக்கான்னு கேட்டு வந்தாக. இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு கேட்டு யாரு வருவா? நாங்க எல்லாரும் தயாரா நின்னோம். பழகுன மாதிரியே மொத வீட்டுலயிருந்து ஒழுங்காப் போயிக்கிட்டு இருந்துச்சு. எங்க வீட்டு வாசலுக்கு வந்தாக. அப்ப மொக்கைச்சாமி அண்ணாச்சி எந்திரிச்சு வந்தாரு. நடுத் தெருவுல நின்னு, அம்மா, நீங்க எதுக்கு வந்தீகன்னு எங்களுக்குத் தெரியும், மறைக்க வேண்டாம், நாங்களும் மறைக்கலைன்னாரு."

"யாரும் அப்படி நேரா உடைச்சுச் சொல்ல மாட்டாகளே!"

"மாட்டாக. எங்களுக்கு உசுரே போயிருச்சு."

அன்று மொக்கைச்சாமி சொன்னதைக் குருவம்மாள் அக்கா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். வார்த்தைக்கு வார்த்தை அந்தத் தெருவுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

"இந்தப் பிள்ளை ராத்திரி ஷிப்ட் போகுது. மில்லுல. முன்னால வந்த ரெண்டு பேருகிட்டயும், ராத்திரி போறவ, யாரு கண்டான்னு சொன்னது நான்தான். வேற யாரும் இல்லை, இந்த நாக்குதான். பொறவு போன புரட்டாசியில எம்பொண்டாட்டிக்கு நெஞ்சு வலி வந்துச்சு. நான் கத்துதேன், கதவத் தட்டுதேன், தெரு அம்புட்டும் அசந்து உறங்குது. முழிச்சிருந்தது யாரு தெரியுமா? ஷிப்ட் முடிஞ்சு விலக்குல இருந்து நடந்து வந்த இந்தப் பிள்ளை. திரும்பி ஓடி, போய்க்கிட்டு இருந்த மில் வேனக் கத்தி நிறுத்தி, ஏத்திக் கொண்டுபோயி இராஜபாளையம் ஆஸ்பத்திரில சேத்துச்சு. இவ ராத்திரி வேலைக்குப் போறவளா இல்லாட்டா எம்பொண்டாட்டி இன்னைக்கு இல்லை. யாரு கண்டான்னு சொன்னேன்லம்மா? நான் கண்டேன். உங்க பையனுக்கு இவளக் கட்டுங்க, கட்டாம போங்க. ஆனா ராத்திரி போறவன்னு காரணம் மட்டும் சொல்லிராதீக. இந்தத் தெரு கேக்காது."

சொல்லி முடித்துவிட்டு அக்கா மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண்ணை என்னவோ செய்தது. டீக்கடையில் நான் வாய் பொறுக்காமல் சொன்ன ஒரு பேச்சு, அது அந்த மனுசனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது! என் வாழ்நாளில் நான் போட்ட ஆர்டருக்கு ஒருத்தன் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. அது ஆர்டரும் இல்லை. அவராக எடுத்து வைத்த அடி.

"வெங்கடேஸ்வரி கேட்டுச்சா?"

"கதவுக்குப் பின்னாடிதான் நின்னா. முடிஞ்சதும் வெளிய வந்து அவர் முன்னால நின்னா. அவளுக்கு அழுகை. அவருக்கும் அழுகை. நாங்க ஏன் அழுதோம்னு எங்களுக்கே தெரியல."

"ஆலங்குளத்துக்காரக என்ன சொன்னாக?"

"பையன் லீவுல வாரப்ப வந்து பாக்கோம்னு சொல்லிருக்காக. வரட்டும். வந்து பாக்கட்டும். எங்க பிள்ளையும் பாக்கணும்ல, அவளுக்குப் பிடிக்கணும்ல?" என்றார் அக்கா, நான்தான் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்கிற மாதிரி முறைப்பாக.

நேரம் போனதே தெரியவில்லை. ஃபைலைத் திறந்து, "சரிக்கா, இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. என்ன சோப்புத்தூள்?" என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது ஹார்ன் சத்தம் கேட்டது. தெரு முனையில் மில் வேன் திரும்பியது. மெயின் ரோட்டில் இல்லை, தெருவுக்குள். அந்த ஒடுக்கத்தில் இரண்டு பக்கமும் நின்ற சைக்கிளையும் வாளியையும் ஆட்கள் நகர்த்தி வழி விட்டார்கள். சாக்கடைத் தகராறுக்காரர் தன் சாய்வு நாற்காலியைத் தூக்கினார். அடுத்த முனையைப் பிடித்தது அந்த எதிர்வீட்டுப் பெண்மணி.

வெங்கடேஸ்வரி சாப்பாட்டுப் பையோடு வீட்டை விட்டு வெளியே வந்தாள். அரை நைட் ஷிப்ட் வாரம் போல. நடுத் தெருவில், எல்லார் வாசலுக்கும் முன்னால், தலையைக் குனியாமல் நடந்து வந்தாள். என்னைப் பார்த்து, "சார், பாஸ் ஆயிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லை தாயி. உங்க தெரு விட மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டே ஏறினாள். மொக்கைச்சாமி வேன் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார்.

"ஏலே டிரைவரு, எங்க வீட்டுப் பிள்ளை ஏறுது, உக்காந்த பொறவு எடு. ராத்திரி விலக்குல எறக்கிவிட்டன்னு கேள்விப்பட்டேன், காலை ஒடிச்சிருவேன். வாசல்ல கொண்டாந்து விடணும். நான் முழிச்சுதான் இருப்பேன்."

வேன் ஊர்ந்து போனது. அது திரும்பி மறைகிற வரைக்கும் தெருவே நின்று பார்த்தது. நானும் நின்றேன். குதிகால் இரண்டையும் சேர்த்து அட்டென்ஷனில் நின்றிருக்கிறேன் என்று குருவம்மாள் அக்கா சிரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மொக்கைச்சாமி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். "ம், இப்பக் கேளுங்க சார் உங்க சோப்பு. இனிமே நெசத்தத்தான் சொல்லுவோம்" என்றார்.

பேனாவை எடுத்தேன். சோப்பைப் போய் இன்றைக்குக் கேட்பதா என்று மூடியைத் திருப்பி மாட்டிவிட்டேன்.